கொப்பரைக்கு முன் கொள்முதல்

கேரளத்தின் தென் எல்லையில், உதியன்குளங்கரை, பாறசாலை பக்கத்து ஊர்களில் சர்க்கரை என்றால் பழுப்பு நிற வெல்லம்தான். வெள்ளையாக இருப்பது சீனி. பாயசத்துக்கும் பொங்காலைக்கும் சர்க்கரை மூட்டை மூட்டையாகச் செலவாகிற மண் இது. ஆனால் அதைக் காய்ச்சும் ஆலை இங்கே அரிது. கரும்பை ஆட்டி, சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, அச்சில் வார்க்கும் சிறிய ஆலை ஒன்றை இங்கே நடத்த முடியுமா என்று கேட்டால், பேச்சு உடனே இயந்திரத்துக்கும் மானியத்துக்கும் போய்விடுகிறது. இரண்டும் பெரிய தடையே அல்ல. குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 2020 முதல் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனோடு சேர்ந்த மானியம் உண்டு. காய்ச்சும் முறையிலும் மர்மம் இல்லை: சாற்றில் சுண்ணாம்பு, வெண்டைத் தண்டின் கொழகொழப்பு, அழுக்கைத் திரட்டி எடுத்தல், சக்கையையே விறகாக்கும் அடுப்பு, சுமார் 118 டிகிரியில் பாகு பதம். ஆலையைக் கவிழ்ப்பது வேறொன்று.

அது ஒரு எளிய கணக்கு. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய். ஒரு டன் கரும்பில் ஏறத்தாழ 100 கிலோ சர்க்கரை தேறும். அப்படியானால் ஒரு கிலோவில் கரும்பின் விலை மட்டுமே 35 ரூபாய் 50 காசு. வெட்டுக்கூலி, வண்டிக்கூலி, காய்ச்சுகிறவர்களின் கூலி, தேய்மானம் எல்லாம் இதற்கு மேல். சீனிக்கோ 2019 பிப்ரவரியில் நிர்ணயித்த குறைந்தபட்ச விற்பனை விலை 31 ரூபாய். மொத்தச் சந்தையில் நாற்பதை ஒட்டி நிற்கிறது. பெரிய ஆலைக்கு அந்தச் சீனியோடு கழிவுப்பாகும் எத்தனாலும் மின்சாரமும் வருமானம் தருகின்றன. கொப்பரைக்காரருக்குச் சக்கைச் சாம்பல்தான் மிச்சம். ஆக, நேர்மையாகக் காய்ச்சிய சர்க்கரையைவிடச் சீனி மலிவு. கொப்பரையில் ஒரு மூட்டைச் சீனியைக் கொட்டினால் லாபம், கொட்டாதவருக்கு நட்டம். சேலம் மாவட்ட வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் மீண்டும் மீண்டும் சீனி மூட்டைகளைப் பறிமுதல் செய்வதன் பின்னணி இதுதான். நிறத்தை வெளுக்க ஹைட்ரோஸ் என்ற கந்தக ரசாயனம் போடுவதும் இதன் தொடர்ச்சி. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது விதி. கடையில் மஞ்சளாக மின்னும் அச்சுதான் முதலில் விற்கிறது. கலப்படக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. வாங்குகிற நாமும் கண்ணால் பார்த்துத்தானே எடுக்கிறோம்?

அதனால் சிறிய ஆலைக்கு முதல் தேவை, கலப்படமில்லாத சரக்குக்கு உரிய விலை தந்து ஆண்டுதோறும் வாங்குகிற ஒருவர். புவிசார் குறியீடு மட்டும் அந்த இடத்தை நிரப்பாது. கேரளத்தின் மறையூர் சர்க்கரை 2019-இல் குறியீடு பெற்றது. அதன் பின்னும் வெளியிலிருந்து வரும் மலிவுச் சரக்கு மறையூர் பெயரில் விற்கப்படுவதாக அங்குள்ள விவசாயிகள் புகார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாறாக, ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியைப் பாருங்கள். அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு விவசாயிகள் நாட்டுச் சர்க்கரையை மூட்டைகளாகக் கொண்டுவருகிறார்கள்; பழநி தண்டாயுதபாணி கோயில் நிர்வாகம் பஞ்சாமிர்தத்துக்காக அங்கேயே வந்து ஏலத்தில் எடுக்கிறது. கோயிலுக்குப் போகிற சரக்கு என்ற எண்ணமே தரத்துக்கு ஒரு காவல். ஊர்ப் பெயரும் அதனால் நிலைத்தது.

கேரளத்தில் அந்த இடத்தில் இருக்க வேண்டியது திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு. ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட கோயில்கள், சபரிமலை அரவணை, நாள்தோறும் நிவேத்தியப் பாயசம் என்று சர்க்கரைக்கு இது மிகப் பெரிய கை. ஆனால் சபரிமலைக்கான சரக்கு டெண்டர் வழியே வருகிறது. பொது நிறுவனம் குறைந்த விலைக்குத்தானே வாங்க முடியும் என்பது முதல் ஆட்சேபம். பழநி கோயிலும் அரசின் அறநிலையத் துறைக்கு உட்பட்டதுதான். அது திறந்த ஏலத்தில் வாங்குகிறது, யாருக்கும் சலுகை காட்டவில்லை. டெண்டர் நிபந்தனையில் கந்தக அளவையும் சீனிக் கலப்புச் சோதனையையும் எழுதி, ஒரு பகுதியைச் சிறு ஆலைகளால் தரக்கூடிய சிறு அளவுகளாகப் பிரித்தால் போதும். மலிவு எப்போதும் மலிவாக முடிவதும் இல்லை. 2023 ஜனவரியில் ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் இருந்ததாகக் கேரள உயர் நீதிமன்றம் அரவணை விற்பனையை நிறுத்தியபோது, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. உச்ச நீதிமன்றம் 2024-இல் அந்த உத்தரவை ரத்துசெய்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் டின்கள் முடங்கியது முடங்கியதுதான். சரக்கு எந்த வயலிலிருந்து, எந்தக் கொட்டகையிலிருந்து வந்தது என்று சொல்ல முடிகிற கொள்முதலுக்கு இப்படிப்பட்ட வேளையில்தான் மதிப்புத் தெரியும்.

கரும்பு எங்கே என்பதுதான் கனமான ஆட்சேபம். ரப்பரும் தென்னையும் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் நிறைந்த துண்டு துண்டான நிலம் இது. எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டுக் கரும்பை நம்பவும் வழியில்லை. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் தமிழ்நாட்டுக்கு 2004-இலிருந்து தண்ணீரே வருவதில்லை. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் ஆட்டாவிட்டால் சர்க்கரைச் சத்து குறையும் என்பதால் தொலைவிலிருந்து ஏற்றிவருவதும் வீண். பெரிய ஆலைக்கு இந்த ஆட்சேபம் முழு உண்மை. திருவல்லாவில் 1937-இல் சீனி ஆலையாகத் தொடங்கிய நிறுவனம் இன்று ஜவான் ரம் தயாரிக்கிறது. கரும்பு போன பிறகு பெயரில் மட்டும் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. ஆனால் நாளுக்கு 8 டன் ஆட்டும் சிறு ஆலைக்கு 100 நாள் பருவத்தில் 800 டன் போதும். ஏக்கருக்கு 40 டன் என்று கொண்டால் 20 ஏக்கர். பாறசாலை, கொல்லயில், செங்கல், காரோடு ஊராட்சிகளில் நெய்யாற்று இடதுகரைத் தண்ணீர் எட்டும் வாழை வயல்களில் இதைச் சேர்ப்பது கடினம், முடியாதது அல்ல. திருவல்லா கரும்பு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மாதுரி போன்ற ரகங்கள் கேரள மழைக்கென்றே உருவானவை. இருபது ஏக்கருக்கு விவசாயிகள் கையெழுத்திடாவிட்டால் ஆலையே வேண்டாம்.

கருப்பட்டியின் மண்ணில் கரும்பு எதற்கு என்றும் கேட்கலாம். பனையேறுகிற கைகள் குறைந்துவருவது உண்மை, அதற்குத் தனியே பணம் வேண்டும். ஆனால் கருப்பட்டி காப்பிக்குப் போகிறது, பாயசத்துக்குச் சர்க்கரைதான் போகிறது. ஒன்றின் சந்தையை மற்றொன்று தின்பதில்லை. ஆட்டுகிற பருவமும் இங்கே தோதாக அமைகிறது. மழைக்காலத்தில் சர்க்கரை ஈரம் இழுத்து இளகிவிடும், கார்த்திகை வரை வைத்திருந்து சபரிமலைக்கு அனுப்புவது சிறு ஆலைக்குச் சுமை. மாசியில் ஆற்றுகால் பொங்காலை வருகிறது. லட்சக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் பானை வைக்கும் அந்தத் திருவிழா, இந்த ஊர்களிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். தையில் வெட்டிக் காய்ச்சிய அச்சு அப்படியே அங்கே போகலாம், மிச்சத்தைத் தேவஸ்வம் கிட்டங்கி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கரும்பு நட்டால் வெட்டுக்கு வரப் பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகும். வாழையை எடுத்துவிட்டுக் கரணை நடச் சொல்கிறவர்கள், அடுத்த தையில் யார், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்ற காகிதத்தை இந்தத் தையிலேயே விவசாயியின் கையில் கொடுக்க வேண்டும்.