லட்சம் எங்கேப்பா போச்சு?

பொட்டி தட்டுற மக்களே, இது உங்களைத் திட்டுறதுக்காகவே எழுதின பதிவு. நானும் அதே பொட்டியைத் தட்டுறவன்தான், அதனால உரிமையோட திட்டலாம்னு இருக்கேன். ஆணி அதிகம்னு சொல்லிட்டு எஸ்கேப் ஆயிடாதீங்க.

விஷயம் ரொம்பச் சின்னது. ஒரு கமா. போன்ல ஒரு ஆப்பைத் திறந்தா வைப்புத்தொகை 1,250,000 ரூபாய்னு காட்டுது. எங்க பெரியப்பா மாதிரி ஒருத்தர் இதை எப்படிப் படிப்பார்? வலது ஓரத்துல விரலை வச்சு ஒன்னு, பத்து, நூறு, ஆயிரம்னு எண்ணிக்கிட்டே போய்த்தான் பன்னண்டரை லட்சத்துக்கு வந்து சேருவார். அதையே 12,50,000-ன்னு போட்டிருந்தா ஒரே பார்வை, முடிஞ்சுது. கமா அலங்காரத்துக்குப் போடற பொட்டு இல்லைங்க. ஆயிரம், லட்சம், கோடின்னு எண்ணுக்குப் பேர் மாறுற இடத்துல அது விழணும். இல்லேன்னா அது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

இதைச் சொன்னா முதல்ல வர்ற பதில், "அது இண்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு பாஸ்". எந்த இண்டர்நேஷனல்? ஜெர்மன்காரர் 1.250.000,50-ன்னு எழுதுறார், புள்ளியும் கமாவும் நமக்கு அப்படியே தலைகீழ். பிரெஞ்சுக்காரர் கமாவுக்குப் பதிலா இடைவெளி விடுறார். அவங்களுக்கெல்லாம் கேக்காமலே அவங்க வழக்கப்படி காட்டுற அதே ஆளுங்க, நாம கேட்டா மட்டும் ஸ்டாண்டர்டு பேசுறாங்க.

அடுத்த பதில், "டெக்னிகலா கஷ்டம்". ஒரு காலத்துல இதுல பாதி உண்மை இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஓடற ஜாவாவோட டெசிமல்ஃபார்மேட்டுக்கு #,##,##0-ன்னு பேட்டர்ன் கொடுத்தாலும், கடைசிக் கமாவை மட்டும் பாத்துட்டு மூணு மூணாத்தான் வெட்டும். ஆனா ஆண்ட்ராய்டு 7 வந்த 2016-லயே இதைச் சரியாச் செய்யற ஐசியூ வகுப்புகள் உள்ளயே வந்தாச்சு. ஐபோன்ல முதல் குழுவுக்கு மூணு, அடுத்ததுக்கெல்லாம் ரெண்டுன்னு சொல்லத் தனி வசதியே இருக்கு. அது கூட வேணாம், "இந்திய ஆங்கிலம்"னு லொகேல் கொடுத்தாலே போதும். அதை விட்டுட்டு நம்மாளு ஸ்ட்ரிங்கைத் தானே வெட்டி லூப் போட்டு ஒட்டுவார். கழித்தல் குறியையும் ஒரு இலக்கமா எண்ணி -500 ரூபாயை -,500-ன்னு காட்டுவார். எதுக்கு இந்த வீரம்?

மூணாவது பதில்தான் கொஞ்சம் மரியாதையானது. "பயனரோட செட்டிங்கை மதிக்கிறோம்." நல்லது. ஆனா நம்ம ஊர்ல எத்தனை ஆண்ட்ராய்டு போன் அமெரிக்க ஆங்கிலத்துல ஓடுதுன்னு ஒரு ரவுண்டு பாருங்க. வாங்கினப்போ அப்படி இருந்துச்சு, அவர் பாட்டுக்கு அடுத்த பட்டனை அமுக்கிட்டுப் போயிட்டார். அதையெல்லாம் அவரோட விருப்பம்னு எடுத்துக்கறது சௌகரியமான நாடகம். இந்திய ரூபாயை இந்தியாவுல இருக்கறவருக்குக் காட்டறீங்களா, மெனு எந்த மொழியில இருந்தாலும் லட்சத்துல வெட்டுங்க.

சரி, அடுத்தவனைத் திட்டியாச்சு. இப்ப நம்ம வீட்டு ஓட்டை.

எந்த மொழிக்கு எண் எப்படி இருக்கணும்னு சொல்ற தரவுக் கிடங்கு ஒண்ணு இருக்கு. பேரு சிஎல்டிஆர், நடத்துறது யூனிகோட் கூட்டமைப்பு. ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுமே இதுலேர்ந்துதான் எடுத்துக்குது. அதுல தமிழுக்குக் கமா சரியா லட்சத்துல விழுது. சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு மட்டும் மூணு மூணா வெட்டணும்னு தனியா எழுதி வச்சிருக்காங்க, அதுவும் சரி. ஆனா இதே தரவுகிட்ட எண்ணைச் சுருக்கிக் காட்டுன்னு கேளுங்க. ஆயிரம் 1ஆ. லட்சம் 100ஆ. பத்து லட்சம் 1மி. நூறு கோடி 1பி. லட்சம் கோடி 1டி!

ஆக, அதே தமிழ்ப் போன் ஒரு இடத்துல 10,00,000-ன்னு எழுதும், பக்கத்துலயே 1மி-ன்னும் எழுதும். மி-ன்னா மில்லிமீட்டரா, மில்லிலிட்டரா? 1டி-ன்னா நாயர் கடையில ஆர்டர் கொடுத்தாச்சா? இந்திக்காரங்க இதே கிடங்குல லாக், கரோட்னு ஜம்முனு போட்டு வச்சிருக்காங்க. கோடீஸ்வரன், லட்சாதிபதின்னு பேர் வச்சுக் கொண்டாடுற நம்ம மொழிக்குத்தான் மில்லியன்.

"இலங்கையில மில்லியன்தானே எழுதுறாங்க"ன்னு ஒரு கை எழும். எழுதுறாங்க, மறுக்கலை. கமாவுக்கு நாட்டுக்கு நாடு தனி வரி எழுதத் தெரிஞ்சவங்களுக்கு, சொல்லுக்கும் எழுதத் தெரியாதா? தமிழ்நாட்டுக்கு லட்சமும் கோடியும், மில்லியன் புழங்குற நாடுகளுக்கு மில்லியன்.

இதுல மேலிடத்துச் சதியெல்லாம் ஒண்ணும் இல்லை. சிஎல்டிஆர் தரவை மாத்தறது வாக்கெடுப்புலதான். தரவு சேகரிக்கிற பருவத்துல சர்வே டூல்னு ஒண்ணைத் திறந்து வைக்கிறாங்க, வெளியாளும் கணக்கு கேட்டு வாங்கி ஓட்டுப் போடலாம். பெரிய கம்பெனிகளோட ஓட்டுக்கு எடை அதிகம், அது நிஜம். ஆனா நாம பக்கத்துலயே போகாம இருந்தா அந்த எடை கூடத் தேவைப்படாதே. தமிழுக்காகப் பதிவுல நெருப்பைக் கக்குற அண்ணாச்சிமார் எத்தனை பேர் அங்க கணக்கு வச்சிருக்கீங்க? பின்னூட்டத்துல கை தூக்குங்க பாப்போம்.