சாவியைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள்



நம் பிரம்மதேசத்திலும் மரக்காணம் பக்கமும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. பெற்றோர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். வீட்டை விற்பது என்று முடிவானதும், "வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுங்கள்" என்று தரகரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். இது சரியான பழக்கம் இல்லை.

தரகர்களை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் பிழைப்பு. ஆனால் ஒரு தரகர் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு கமிஷனைப் பிரித்துக்கொள்வது வழக்கம். கூடவே சாவியும் கைமாறும். நாளைக்கு ஒரு பித்தளை அண்டா காணவில்லை என்றால் யாரைக் கேட்பீர்கள்? ஒரு பாவமும் அறியாத தரகர் மீதும் பழி விழும்.

அமெரிக்காவில் விற்கப்போகும் வீட்டின் வாசலில் சாவியை ஒரு சிறிய பெட்டியில் பூட்டித் தொங்கவிடுகிறார்கள். தரகர் தன் செல்போனால் அதைத் திறந்தால், திறந்தவர் யார், மணி எத்தனை என்பது பதிவாகிவிடும். நமக்கு அந்த வேலையை ஒரு நாற்பது பக்க நோட்டு செய்துவிடும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் தரகர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அது பதிவு பெற்ற மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்பவர்களுக்குத்தான். நம் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை விற்றுத் தருபவருக்கு அது பொருந்தாது.

ஆகவே சாவி பக்கத்து வீட்டிலோ, ஊரில் இருக்கும் சித்தப்பா, அத்தை வீட்டிலோ இருக்கட்டும். அவர்களில் ஒருவர் கூட வந்து திறக்கட்டும். வந்தவர் பெயர், போன் நம்பர், தேதி, நேரம் எல்லாம் நோட்டில் ஏறட்டும். மூலப் பத்திரம், நகை, பாத்திரங்களை முதலிலேயே எடுத்துவிடுங்கள். வாங்க வருபவர் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம். அதைப் பார்த்த பிறகும் விருப்பம் உள்ளவருக்குக் கதவைத் திறந்தால் போதும்.

வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வீட்டுச் சொந்தக்காரரே உள்ளே போக 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படியிருக்க, தரகர் நினைத்த நேரத்தில் ஆட்களைக் கூட்டி வந்து கதவைத் தட்டுவது என்ன நியாயம்? அந்த வீட்டிலும் பெண்கள், குழந்தைகள் இருக்கிறார்கள்.

விற்றுப் பத்திரம் பதிவாகும் நாள் வரை அது உங்கள் வீடு. சாவியை உங்கள் மனிதர் கையில் வையுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.