மதிலும் மனச்சான்றும்

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739இல். ஆறு ஆண்டுகள் கழித்து, 1745 அக்டோபரில், காரைக்கால் குரு ஒருவரின் தூண்டுதலால் புதுச்சேரிக் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு பெரும் பூசல் மூண்டது. அதை எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் கிறித்தவர் அல்லர், வைணவர். அடுத்த வீட்டுச் சண்டையைத் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பவரின் கூர்மையோடு அன்றைய நாட்குறிப்பை எழுதியிருக்கிறார்.

அக்கோயிலின் உள்ளே வடபுறத்தில் ஒரு சுவர் நின்றது. அதன் ஒரு பக்கம் தீண்டத்தகாதவர் எனப்பட்ட கிறித்தவர். மறுபக்கம் சாதிக் கிறித்தவரும் சட்டைக்காரர் எனப்பட்ட ஐரோப்பியக் கலப்பினத்தாரும் ஐரோப்பியரும். ஒரே பலிபீடம், ஒரே பூசை, இடையில் சுவர். காரைக்கால் குரு ஊக்கமளிக்க, ஒதுக்கப்பட்ட மக்கள் திரண்டு கோயிலின் பெரிய சாமியாரிடம் சென்றனர். நாங்களும் உம் சீடர்கள்தாமே, இறைவன் பார்க்காத வேற்றுமையை நீர் எப்படி ஒப்புக்கொண்டீர் என்று கேட்டனர். கேள்வி நியாயமானது என்று அவருக்குப் பட்டது. சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். அன்றைய வழிபாட்டில் எல்லாரும் கலந்து நின்றனர்.

குருவைப் பாராட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். முதலில் அடியெடுத்து வைத்தவர்கள் அம்மக்களே. கடற்கரைப் பட்டணத்தில் குப்பை வாரியும் சுமை தூக்கியும் பிழைத்தவர்கள், வெள்ளைக்காரச் சாமியாரின் எதிரில் நின்று விளக்கம் கேட்பது அக்காலத்தில் எளிய செயலா? கேட்டதற்காக வேலை போகலாம், அடி விழலாம். குருவுக்கு வந்த இடர் அவர்களுக்கு வரக்கூடிய இடரில் பாதியும் இல்லை.

சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். இனிக் கோயிலுக்கு வரப்போவதில்லை என்றனர். சாமியாரோடு மல்லுக்கு நின்றனர். செய்தி கவர்னர் துய்ப்ளேக்ஸ் வரை போயிற்று. கிறித்தவர் கூட்டங்கூடிப் பேசலாகாது என்று உத்தரவு பிறந்தது. எந்த அரசுக்கும் இத்தகைய வேளையில் நியாயத்தைவிட அமைதியே பெரிதாகத் தோன்றும்.

சுவரை எழுப்பியவர்களும் இரக்கமற்றவர் அல்லர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்தி, மரக்கறி உண்டு, இந்நாட்டுத் துறவியைப்போல் வாழ்ந்து நற்செய்தி சொன்ன நாள்முதல், சாதியை நாட்டு வழக்கமாகக் கருதி விட்டுவைப்பது இயேசு சபையாரின் நெறியாயிற்று. சாதிக் கிறித்தவர் விலகினால் திருச்சபையே குலைந்துபோகும் என்று அவர்கள் உள்ளபடியே அஞ்சினர். 1704இல் புதுச்சேரியில், பின்னாளில் கர்தினாலான துர்னோன் பிறப்பித்த ஆணை, ஒதுக்கப்பட்ட நோயாளியின் குடிசைக்குள் சென்று திருவருட்சாதனம் வழங்கக் குருக்கள் மறுக்கலாகாது என்றது. நாற்பது ஆண்டுகள் அதன்மேல் வழக்காடினர். 1744 செப்டம்பரில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் முடிவுரைத்தபோதும், அம்மக்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தார். குடிசைக்குள் நுழையும் குரு வேறு, பெரிய தெருவில் நடக்கும் குரு வேறு என்றாயிற்று. இத்தனை பெரியவர்கள் இசைந்த ஏற்பாட்டைத்தான் காரைக்கால் குரு அடுத்த ஆண்டே மீறினார்.

இதற்கு முன்மாதிரி விவிலியத்திலேயே உண்டு. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உணவருந்திவந்த பேதுரு, யூதர் சிலர் வந்ததும் அஞ்சித் தனிப்பந்திக்கு ஒதுங்கினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். திருச்சபையின் தலைமகனைக் கடைசியாகச் சேர்ந்தவர் கடிந்துகொண்ட செய்தியைத் தொடக்கத் திருச்சபை மூடி மறைக்கவில்லை. அது நடந்ததும் பந்தியைப் பற்றிய வழக்கில்தான் என்பது தமிழ்நாட்டுக் கிறித்தவர் ஊன்றி நினைக்க வேண்டியது.

ஆனால் மனச்சான்றின் பேரால் எவரும் எதையும் கேட்கலாமே. எதிர்ப்பக்கத்தாரும் அதே பேரால்தானே பேசுகின்றனர்? சீர்திருத்தச் சபையினரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் பாருங்கள். இன்றும் தமிழ்த் திருச்சபைகள் பாடும் கீர்த்தனைகளைத் தந்த பெரும்புலவர். சாதி வழக்கங்களைக் கைவிடுமாறு மறைப்பணியாளர் வற்புறுத்தியபோது, எழுத்தாலும் பேச்சாலும் எதிர்த்து நின்று 1829இல் தம் பணியை இழந்தார். 1833இல் ஆயர் டேனியல் வில்சன், சாதியை உடனே, அறவே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சைச் சபையில் பலர் பிரிந்து போயினர். அவர்களும் இழந்தார்கள், அவர்களும் வருந்தினார்கள். ஆகவே ஒருவன் தன் கொள்கைக்காக விலை கொடுத்தான் என்பதொன்றே அவன் கொள்கையை நேராக்கிவிடாது.

அவன் மனச்சான்று அடுத்தவனிடம் என்ன கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சாஸ்திரியாரின் மனச்சான்று, இன்னொருவன் சற்றுத் தள்ளி உட்கார வேண்டும் என்றது. சுவரை இடிக்கச் சொன்னவர்களின் மனச்சான்று, எவனும் எழுந்து போக வேண்டாம், உன் அருகில் எனக்கும் இடம் உண்டு என்றது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து, இருதரப்பிலும் நியாயம் உண்டு என்று கைகழுவுவதை நாம் ஏற்கவில்லை.

சுவரை இடித்த பக்கத்தாரும் தவறினார்கள். ஆடையணியும் நறுமணமும் பூண்டு கோயிலுக்கு வந்த மேற்குடிப் பெண் ஒருவரைச் சாமியார் பலர் முன்னிலையில் இழிவாகப் பேசினார் என்று பிள்ளை குறிக்கிறார். சமத்துவம் பேசியவருக்கு ஒரு பெண்ணின் மதிப்புப் பொருட்டாகவில்லை. எதிர்ப்பு மூண்டதற்குச் சாதிச் செருக்கோடு இந்தக் கடுஞ்சொல்லும் காரணம். மூன்றே ஆண்டுகளில் இதைவிடக் கொடியது நேர்ந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்த வேளையில், அதே கிறித்தவக் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் துய்ப்ளேக்ஸ் ஆட்சியில் இடித்துத் தள்ளப்பட்டது. சாமியார்கள் நெடுநாளாய் வேண்டிவந்ததும் அதுவே. தன் வீட்டுச் சுவரை இடித்ததற்கும் அயலான் கோயிலை இடித்ததற்கும் ஒரே சமயப் பற்றுக் காரணமென்று யாரேனும் சொன்னால், அவர் மனச்சான்றையும் அறியார், சமயத்தையும் அறியார்.

தெற்கே வடக்கன்குளத்தில், அந்த 1745ஆம் ஆண்டிலேயே மே 14ஆம் நாள் நீலகண்டன் என்ற அரசு அலுவலர் தேவசகாயம் என்னும் பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். எல்லாரும் நிகர் என்று நடந்துகாட்டிய அவரை 1752 சனவரியில் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொன்றனர். 2022 மே 15இல் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில்தான் 19ஆம் நூற்றாண்டில் பலிபீடத்தை நோக்கி இரண்டு நடைக்கூடங்கள், நடுவே சுவர் என்று ஒரு கோயிலைக் கட்டினார்கள்! 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டதும், தனியிடம் எங்கள் உரிமை என்று சாதிக் கிறித்தவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றனர். தோற்றனர்.

இவை பழங்கதை என்று காரைக்காலில் எவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். காரைக்காலும் உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூரும் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்தவர் தமக்கெனத் தனிப்பங்கு கேட்டபோது வன்னியக் கிறித்தவரோடு மோதல் மூண்டது. காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். தேர் எந்தத் தெருவில் திரும்பும், சவ ஊர்வலம் எவ்வழியே போகும், கல்லறையில் யாருக்கு எந்த மூலை என்பவையே இன்றைய சுவர்கள். இவற்றைப் பற்றிப் பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்து கேட்டால், ஊர் ஒற்றுமையைக் கெடுக்காதே என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். உட்காராமல் நிற்பவர் கட்டுப்பாடு குலைப்பவர் ஆகிவிடுகிறார். அவர் உறவினரே முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அவரைத் தனியே விட்டுவிட்டுப் பங்குத்தந்தை நடுநிலை காப்பது துறவுக்கு அழகன்று. நிற்பவரும், எதிர்ப்போரை இழித்துப் பேசாமல், கோயிலை விட்டு நீங்காமல் நிற்க வேண்டும்.

திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. மதம் மாறியும் சாதிக் கொடுமை தீரவில்லை. ஆகவே 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையைத் திருத்தித் தலித் கிறித்தவருக்கும் பட்டியல் சாதியினரின் உரிமையைத் தாருங்கள் என்று ஆயர்கள் டில்லியிடம் கேட்டுவருகின்றனர். கோரிக்கை முற்றிலும் நியாயம். ஆனால் அதே ஆயர்களின் பங்குகளில் கல்லறை வழக்கு எழும்போது, இங்கே சாதியெல்லாம் கிடையாது, யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று சொல்லப்படுகிறது. டில்லியில் கொடுத்த வாக்குமூலத்தை எறையூரிலும் காரைக்காலிலும் ஞாயிறு பூசையில் தமிழில் வாசிக்க ஆயர்கள் ஆணையிடட்டும்.