கொக்கியும் கணக்கும்



தேர்வு நெருங்கிவிட்டால் நம்மவர் பலர் பௌதிகச் சூத்திரங்களை மந்திரம்போல் உருப்போடத் தொடங்கிவிடுகின்றனர். கயிற்றால் கட்டிய இரு கட்டைகளுக்கு ஒரு சூத்திரம். கப்பியில் தொங்கும் எடைகளுக்கு வேறொன்று. கேள்வியில் மூன்றாவது கட்டை ஒன்று வந்து சேர்ந்துவிட்டாலோ பேனா நின்றுவிடுகிறது! இந்த மனப்பாட முறை நம்மைக் கெடுக்கிறது என்பதே என் கருத்து.

நாள்தோறும் தாணேயில் வண்டியேறி வருபவன் நான். இக்கணக்குக்கு எங்கள் ஊர் வண்டியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா? 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேக்கு, ஏறக்குறைய 400 பேருடன், 34 கிலோமீட்டர் ஓடி வந்ததே இந்நாட்டின் முதல் பயணிகள் புகைவண்டி. பெட்டிகள் 14. இழுத்த எஞ்சின்கள் மூன்று: சாஹிப், சிந்து, சுல்தான். எஞ்சினுக்குப் பெயர் வைத்தார்கள். பாரம் தாங்கிய கொக்கிக்கு யார் பெயர் வைத்தார்கள்?

அந்தக் கொக்கிகளுள் எதன்மீது இழுவிசை மிகுதி? "ஒரே வண்டிதானே, எல்லாவற்றிலும் சமம்" என்று சொல்வோர் நம்மிடையே ஏராளம். கடைசிக் கொக்கியை எண்ணிப் பாருங்கள். அதன் பின்னே இருப்பது ஒரே ஒரு பெட்டி. அதை இழுத்தால் போதும். எஞ்சினை அடுத்த முதற் கொக்கியோ பதினான்கையும் இழுக்க வேண்டும். பெட்டி ஒன்று 10 டன், முடுக்கம் நொடிக்கு நொடி 0.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், உராய்வை விட்டுவிடுவோம். கடைசிக் கொக்கியில் 1,000 நியூட்டன். முதற் கொக்கியில் 14,000. இதற்குத் தனிச் சூத்திரம் எதற்கு? எந்தக் கொக்கியைக் கேட்கிறார்களோ அங்கே மனத்தால் வெட்டி, பின்னால் உள்ளதை ஒரே பொருளாகக் கொண்டால் முடிந்தது. 1687-இல் நியூட்டன் எழுதிய விதி எந்தப் பொருளுக்கும் பொருந்தும். பொருள் எது என்று தீர்மானிப்பதுதான் நம் வேலை.

கஸாராவைத் தாண்டி இகத்புரிக்கு ஏறும் மலைப்பாதைக்கு வாருங்கள். அங்கே 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வண்டியின் பின்னாலும் எஞ்சின்கள் நின்று தள்ளும். முன்னும் பின்னும் சம வலிமையும் சம எடையும் கொண்ட எஞ்சின்கள், இடையே ஒரே மாதிரியான 14 பெட்டிகள் என்றால், ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவிலுள்ள இணைப்பில் இழுப்பும் இல்லை, தள்ளலும் இல்லை! முன்பாதி இழுபடுகிறது, பின்பாதி தள்ளப்படுகிறது. உருப்போட்டவன் இங்கே திகைப்பான். வெட்டிப் பார்த்தவன் இரண்டே வரியில் முடிப்பான். நம் மின்சார வண்டியில் மோட்டார்ப் பெட்டிகளை இடையிடையே கோத்திருக்கிறார்களே, அதனால் எந்தக் கொக்கிக்கு என்ன ஆகிறது என்பதையும் இவ்வாறே காணலாம்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தோருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஆங்கிலத்தில் உள்ள கேள்வி கண்ணை மிரட்டுகிறது. "பௌதிகம் நமக்கு வராது" என்று முதலாண்டிலேயே பாடத்தை மாற்றிக்கொண்டோரை நான் அறிவேன். அவர்களுக்கு வராதது பௌதிகம் அன்று. இழு, தள்ளு, கொக்கி என்று நம் மொழியில் கால் மணி நேரம் பேச அவர்களுக்கு ஆள் இல்லை, அவ்வளவே. விடைத்தாளை ஆங்கிலத்தில் எழுதட்டும், யார் வேண்டாமென்றது?

சங்கத்தார் கவியரங்கமும் பட்டிமன்றமும் நடத்துகிறார்கள், மகிழ்ச்சி. வாரம் ஒரு மாலை கணக்குக்கும் ஒதுக்கட்டும். மூத்த மாணவர் இருவர் வந்தால் போதும். கரும்பலகை ஏற்கெனவே இருக்கிறது. கூட்ட அறிவிப்பு எழுதிய நாள் போக மற்ற நாளெல்லாம் அது சும்மாதான் கிடக்கிறது.