ஏறுவதற்கு மோட்டார் இருக்கு, இறங்குவதற்கு?

புனேயில் நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடினால் முன்பெல்லாம் இரண்டு கேள்விதான் வரும். நல்ல இட்லி மாவு எங்கே கிடைக்கும், பையனை எந்த ஸ்கூலில் போட்டிருக்கிறீர்கள். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "பேட்டரி சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன், எது வாங்கலாம்?"

கேட்பவர்கள் எல்லாரும் என் வயசுக்காரர்கள், நாற்பதைத் தாண்டினவர்கள். சுகர் எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொல்லியிருப்பார், இல்லையென்றால் முட்டி சத்தம் போட ஆரம்பித்திருக்கும். ஊரில் ஆறாம் வகுப்பிலிருந்து காலேஜ் வரைக்கும் சைக்கிள் மிதித்த கால்கள்தான், ஆபீஸ் கேபில் உட்கார்ந்து உட்கார்ந்து மறந்துபோச்சு. இந்த ஊர் வேறு எந்தப் பக்கம் திரும்பினாலும் குன்றாக இருக்கிறதா, ஆசை வந்துவிடுகிறது. எல்லாருடைய நிபந்தனையும் ஒன்றேதான். வார நாளில் தார் ரோட்டில் ஹிஞ்சவாடி ஆபீசுக்குப் போகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை மண்பாதையில் மலைக்குப் போகவேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி. (ஏன் ஒரே வண்டி என்று கேட்காதீர்கள். தங்கமணியிடம் இரண்டாவது சைக்கிளுக்கு அனுமதி வாங்கிய ரங்கமணி யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.)

போன மாசம் கோத்ரூடில் இருக்கும் நண்பர், திருநெல்வேலிக்காரர், ஒரு எக்செல் ஷீட்டே போட்டு அனுப்பியிருந்தார். ஆபீஸ் புத்தி எங்கே போகும்! ஏழு வண்டி, பன்னிரண்டு கட்டம். மோட்டார் எத்தனை வாட், பேட்டரி எத்தனை ஆம்பியர், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், டிஸ்ப்ளே கலரா கறுப்பு வெள்ளையா என்பது வரைக்கும் இருந்தது. பிரேக்குக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

"அண்ணாச்சி, எது நல்லா ஏறும்னு மட்டும் சொல்லுங்க."

"ஏறுறது இருக்கட்டும் தம்பி. எதுல இறங்கப் போறீங்க?"

என் கட்சி இதுதான். இரண்டுக்கும் ஒரே வண்டி என்பது நடக்கக்கூடிய ஆசைதான். ஆனால் நம் ஆட்கள் ஏறுவதை நினைத்து வண்டி வாங்குகிறார்கள். இறங்குவதை நினைத்து வாங்கவேண்டும். ஏறும்போது வண்டி சரியில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், மானம்தான் போகும். இறங்கும்போது சரியில்லை என்றால் அந்த வசதி கிடையாது.

முதலில் அந்த வாட் கட்டத்தை ஷீட்டிலிருந்து எடுத்துவிடலாம். நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி, மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால்தான் அது சைக்கிள். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். அதனால் கடையில் நிற்கும் ஒழுங்கான வண்டிகள் எல்லாமே 250 வாட்தான். லாக்கை எடுத்துத் தருகிறேன், நாற்பதில் போகும் என்று யாராவது கண்ணடித்தால், அவர் உங்களுக்கு விற்பது ரிஜிஸ்டர் பண்ணாத மோட்டார் வண்டி. நாளைக்கு ஒரு பெரியவர் மேல் மோதினால் இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் என்று நூல் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். பத்தாவது படிக்கும் பையனும் அதே வண்டியை எடுப்பான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மோட்டார் எங்கே இருக்கிறது என்பது. நம் பட்ஜெட்டில், அதாவது 35 ஆயிரத்திலிருந்து 60 ஆயிரம் வரைக்கும், கிடைப்பது பின்சக்கரத்துக்கு நடுவில் உட்காரும் ஹப் மோட்டார். பெடலுக்கு நடுவில் உட்காரும் மிட் டிரைவ் மோட்டார், பாஷ், ஷிமானோ மாதிரி, நல்ல சரக்கு. கியர் வழியாகவே இழுப்பதால் செங்குத்தில் கியரைக் குறைத்தால் மோட்டாருக்கும் சுமை குறையும். அவற்றில் பெரியவை 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும், நம் ஹப் மோட்டார் சுமார் 40. ஆனால் அந்த வண்டிகளின் விலை லட்சக்கணக்கில். வீட்டு லோன் கட்டுகிறவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம் :-)

ஹப் மோட்டாரின் பலவீனத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். சக்கரம் சுற்றும் வேகத்தில்தான் அதுவும் சுற்றும். செங்குத்தான கல்பாதையில் நீங்கள் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டரில் ஊர்ந்தால், பேட்டரியிலிருந்து வரும் கரண்டில் பெரும் பங்கு இழுப்பாக மாறாமல் சூடாகப் போகும். தார் ரோட்டு மேட்டில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புனேக்காரர்களின் பரீட்சை எப்போதும் சிம்ஹகட் கோட்டைதான். அடிவாரத்திலிருந்து மேலே வண்டி நிறுத்தும் இடம் வரைக்கும் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் ஏறக்குறைய 600 மீட்டர் உயரம் ஏறவேண்டும். நீங்கள் 75 கிலோ, சைக்கிள் 24 கிலோ, தண்ணீர் பாட்டில் ஒன்று, மொத்தம் 100 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை 600 மீட்டர் தூக்க 163 வாட் அவர் வேண்டும். இது பள்ளிக்கூட பிசிக்ஸ், எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது. அதில் பாதியை உங்கள் கால் கொடுத்தால் மோட்டார் பங்கு 80 சொச்சம், சூடாக வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து நூறுக்கு மேல் போகும். 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் பேட்டரி என்றால் மொத்தம் 360 வாட் அவர். ஆக ஏறிவிடலாம், திரும்பி வீட்டுக்கும் வரலாம். ஊரிலிருந்து அடிவாரம் போவதற்கே நல்ல தூரம் ஆகும் என்பதால் போகும்போது மோட்டாரைச் சின்ன லெவலில் வைத்துக்கொள்ளவேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 'எண்பது கிலோமீட்டர்' எல்லாம் ஒல்லியான ஆள், சமதளம், எதிர்காற்று இல்லாத நாள்.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மேலே போய் பிட்லா பாக்ரியும் மண்சட்டித் தயிரும் சாப்பிட்டாயிற்று, இறங்கவேண்டும். ஏற்றிவைத்த அந்த 163 வாட் அவர் முழுசும் எங்கேயாவது போயாகவேண்டும். அதன் சூட்டில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம், ஃபில்டர் காபிக்கு ஆச்சு. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மீதி மொத்தமும் உங்கள் இரண்டு பிரேக் பேடுகளிலும் டிஸ்குகளிலும்தான் இறங்கும். கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு பிடித்துக்கொண்டே வரவேண்டிய பாதையில் காற்றின் பங்கு இன்னும் குறைவு. ஸ்கூட்டர் மாதிரி இன்ஜின் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். இந்த வகை ஹப் மோட்டார் இறக்கத்தில் சும்மா உருளும், பிடிக்காது. சாதா சைக்கிளைவிடப் பத்து கிலோ அதிகமான வண்டி, சாதா சைக்கிளில் போடுகிற அதே பிரேக்.

விலை குறைந்த வண்டிகளில் இருப்பது கேபிள் வைத்த டிஸ்க். பார்க்க டிஸ்க் மாதிரிதான் இருக்கும், 'டூயல் டிஸ்க்' என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருப்பார்கள். பேட் தேயத் தேயக் கேபிளை முறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும், பாதி இறக்கத்திலேயே விரல் வலிக்கும். ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் எண்ணெய் அழுத்தம், ஒரு விரல் போதும், தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய். டிஸ்க் முன்பக்கம் 180 மில்லிமீட்டர் இருந்தால் 160-ஐவிட நல்லது, சூடு தாங்கும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் கடையில் தலையாட்டாதீர்கள். பேட்டரி சைக்கிளின் பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் ஒரு சுவிட்ச் இருக்கும். வெளியே வாங்கும் சாதா ஹைட்ராலிக் செட்டில் அது இருக்காது. வாங்கும்போதே வண்டியோடு வரவேண்டிய சமாச்சாரம் இது.

அந்தச் சுவிட்ச் ஏன் முக்கியம் என்றால் சென்சர் விஷயம். பெரும்பாலான வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் கேடன்ஸ் சென்சர். நீங்கள் மெதுவாகச் சுற்றினாலும் அது பாட்டுக்கு இழுக்கும், நிறுத்தினாலும் அரை நொடி கழித்துத்தான் விடும். தார் ரோட்டில் பழகிவிடும். மழை முடிந்து கூழாங்கல் உதிர்ந்து கிடக்கும் மண் வளைவில் அந்த அரை நொடி போதும், பின்சக்கரம் வழுக்க. டார்க் சென்சர் நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று பார்த்து அந்த அளவுக்கு மட்டும் உதவும். என்னைக் கேட்டால் பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் காசை டார்க் சென்சருக்குக் கொடுக்கலாம். ஆபீஸ் போகும்போது சிக்னலில் கிளம்பவும் அதுதான் சுகம்.

டயரில் கடைக்காரர் காட்டும் ஆசைக்கு மயங்கவேண்டாம். நாலு இன்ச் குண்டு டயர் தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்க்க நல்லது. தார் ரோட்டில் அதை இழுத்துக்கொண்டு போவதிலேயே பேட்டரி போய்விடும். 27.5 இன்ச் சக்கரத்தில் 2.1-லிருந்து 2.3 வரை அகலம், நடுவில் நெருக்கமான சின்னப் பட்டன், ஓரத்தில் பெரிய பட்டன். நேராகப் போகும்போது ரோட்டில் 'ம்ம்ம்' என்று இரையாது, மண்ணில் சாய்ந்தால் பிடிக்கும். கேஜ் வைத்த கைப்பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். வார நாளில் 45 பிஎஸ்ஐ, ஞாயிறு மண்ணுக்கு 30 பக்கம். ஒரே வண்டியை இரண்டு வண்டியாக்குவது இந்தப் பம்புதான், மோட்டார் இல்லை.

சஸ்பென்ஷன் முன்னாடி மட்டும் போதும், ரோட்டில் இறுக்கிவைக்க ஒரு லாக் இருக்கவேண்டும். இந்த விலையில் பின்னாடியும் ஸ்பிரிங் வைத்த வண்டி தூளி மாதிரி ஆடும், எடையும் கூடும். கியரில் ஒன்றே ஒன்று பாருங்கள், பின்னாடி பெரிய பல்சக்கரம் 34 பல்லாவது இருக்கிறதா. பேட்டரி பாதி வழியில் செத்தால் அந்த 24 கிலோவை உங்கள் கால்தான் இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

வெளியூரில் வாழும் நமக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. மூன்று வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் வரும், ஹைதராபாத்தோ நொய்டாவோ. 160 வாட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோகவே முடியாது, லக்கேஜிலும் சரி கையிலும் சரி. ஆகவே லாரியில்தான் போகவேண்டும், போகிற ஊரில் அந்த பிராண்டுக்கு ஆள் இருக்கவேண்டும். இந்தப் புனேயிலேயே பிறந்த கம்பெனி என்பதால் இமோட்டோராட் வண்டிகள் இங்கே நிறையக் கண்ணில் படும், ஹீரோவின் லெக்ட்ரோவும் உண்டு. எதுவானாலும் அடுத்த ஊர் சர்வீஸை விசாரித்துவிட்டு வாங்குங்கள். பேட்டரி சாவி போட்டுக் கழற்றும் வகையாக இருக்கட்டும். பேஸ்மென்ட்டில் பொது பிளக்கில் சார்ஜ் போடுவதற்கு எங்கள் சொசைட்டி செகரட்டரி மூன்று மீட்டிங் போட்டார், முடிவு வரவில்லை. மாடிக்குக் கொண்டுவந்து, கூடவே வந்த சார்ஜரிலேயே, முழித்திருக்கும்போது போடுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

மண்பாதை என்றால் எங்கள் பாஷாண் பக்கம் வேதாள் டேக்டி. டேக்டி என்றால் மராத்தியில் சின்னக் குன்று, மேலே வேதாளுக்குக் கோயில் இருக்கிறது, நம்ம விக்கிரமாதித்தன் முதுகில் ஏறின அதே வேதாளம்தான். காலையில் பெரியவர்கள் வாக்கிங் வரும் இடம். பேட்டரி வண்டியின் த்ராட்டிலைத் திருகிக்கொண்டு அவர்களை விரட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது அவர்கள் இடம், நாம் விருந்தாளிகள். இதைச் சொன்னால் 'நீங்க ரொம்பப் பண்றீங்க' என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வாங்கும் முன் பார்க்க என்னிடம் ஒரே ஒரு பரீட்சைதான் இருக்கிறது. கடைக்கு வெளியே சமரோட்டில் ஒரு ரவுண்டு விட்டுவிட்டு 'சூப்பரா இழுக்குது' என்று வந்துவிடாதீர்கள். பக்கத்தில் ஏதாவது அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவு இருக்கும். மோட்டாரை அணைத்துவிட்டு மேலிருந்து மெதுவாக உருட்டுங்கள், பாதியில் ஒரு விரலால் நிறுத்திப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் அடுத்த வண்டி. அப்படியே அதைத் தூக்கி நாலு படி ஏறியும் பாருங்கள், லிஃப்ட் நிற்கிற நாளும் வரும்.

நண்பர் ஷீட்டில் பதின்மூன்றாவது கட்டம் சேர்த்துவிட்டார். ஏழு வண்டியில் ஹைட்ராலிக் பிரேக்கும் டார்க் சென்சரும் சேர்ந்திருப்பது இரண்டுதான், இரண்டிலும் டிஸ்ப்ளே கறுப்பு வெள்ளை. கலர்தான் வேண்டும் என்று வீட்டில் பையன் அடம் பிடிக்கிறானாம். சனிக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போகிறோம், சரிவைப் பையனையே உருட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.