பூட்டிய குளம் திறந்தது!

மழை பெய்து ஊர்க் கிணறு நிரம்பி நிற்கிறது. மாதக்கணக்காக நீச்சலே இல்லாமல் கிடந்த உடம்பு. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து குதிக்கிறோம். அந்த முதல் முழுக்கின் சுகம் எப்படிப்பட்டது? கழனியில் வெயில் காய்ந்தவனைக் கேளுங்கள். மில்லில் பஞ்சுத் தூசியை விழுங்கியவனைக் கேளுங்கள். சொல்வார்கள்!

கிணறும் ஏரியும் இல்லாத பெருநகரத்து ஜனங்களுக்கு அந்தச் சுகத்தைத் தருவது பொது நீச்சல் குளம். அதை இழந்து, மீண்டும் பெற்ற மக்களின் கதை ஒன்று உண்டு.

தெற்கு லண்டனில் பிராக்வெல் பூங்கா இருக்கிறது. 1937 ஜூலையில் லண்டன் கவுண்டி கவுன்சில் அங்கே ஒரு நீச்சல் குளத்தைத் திறந்தது. நீளம் சுமார் 50 மீட்டர். மேலே கூரை கிடையாது, வானம்தான் கூரை.

இத்தகைய குளங்கள் யாரோ பிரபுக்கள் போட்ட பிச்சையா? இல்லவே இல்லை. ஊர் வரிப்பணத்தில் பொதுக் குளியல் கூடங்களும் துணி துவைக்கும் கூடங்களும் கட்டலாம் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1846-லேயே சட்டம் செய்தது. தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த சந்துகளில் காலரா மண்டியது. அந்த நோய்க்கு அஞ்சித்தான் ஆள்வோர் கண் திறந்தார்கள். 1906-ல் டூட்டிங் பெக் என்ற இடத்தில் திறக்கப்பட்ட பெருங்குளத்தை உருவாக்கியவர்கள் வேலையில்லாத் தொழிலாளர்கள். வரியும் ஜனங்களுடையது, வியர்வையும் ஜனங்களுடையது!

அப்படியிருந்தும் நடந்தது என்ன? செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, 1990-ல் லாம்பெத் நகரசபை பிராக்வெல் குளத்தைப் பூட்டியது. பணக்காரனுக்குக் கவலையில்லை, அவன் வீட்டுத் தோட்டத்திலேயே குளம் வெட்டிக்கொள்வான். வாடகை வீட்டுக்காரன் எங்கே போவான்? அவன் பிள்ளை எங்கே நீந்தப் பழகும்?

அக்கம்பக்கத்து ஜனங்கள் வாய் மூடி இருக்கவில்லை. குளத்தைத் திற என்று விடாமல் கேட்டார்கள். நகரசபையில் முன்பு வேலை பார்த்த இருவர் பொறுப்பேற்க முன்வந்தார்கள். 1994-ல் குளம் மீண்டும் திறந்தது.

பின்னர் 2020-ல் கொள்ளை நோய் வந்தது. நாடு முழுவதும் குளங்கள் மூடப்பட்டன. அது வேறு விஷயம். உயிரைக் காக்கச் செய்த காரியம். ஆனால் அந்த ஆண்டு ஜூலை 11 முதல் இங்கிலாந்தில் திறந்தவெளிக் குளங்களுக்கு அனுமதி கிடைத்தபோது, எத்தனை பேர் துண்டும் கையுமாக ஓடினார்கள்!

இடைவெளிக்குப் பின் நீரில் இறங்குவது எத்தகைய அனுபவம்! குளிர் எலும்பைத் தொடுகிறது. நான்கு வீச்சு வீசுவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆனால் கை மறக்கவில்லை, கால் மறக்கவில்லை. சிறிது நேரத்தில் தோளின் இறுக்கம் தளர்கிறது, மனசு லேசாகிறது. பக்கத்தில் நீந்துவது குமாஸ்தாவா, கூலிக்காரனா, யாருக்குத் தெரியும்? தண்ணீருக்குள் கோட்டும் இல்லை, பதவியும் இல்லை. காலையில் தவறாமல் வரும் கிழவரைக் கண்டு, "சௌக்கியமா?" என்று கேட்கும்போது இன்னொரு சுகம். இத்தனை நாளும் இழந்திருந்தது தண்ணீரை மட்டுமல்ல, இந்த மனிதர்களையும்தான் என்பது அப்போது விளங்குகிறது.

"குளம் நஷ்டத்தில் ஓடுகிறதே!" என்று கணக்குப் பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் டிக்கெட் காசு இருக்கிறது. பிள்ளை நீந்தக் கற்றது இருக்கிறதா? முதியவரின் முழங்கால் வலி தணிந்தது இருக்கிறதா? உழைத்துக் களைத்தவன் மறுநாள் நிமிர்ந்து நடந்தது இருக்கிறதா? இவற்றை விட்டுவிட்டுப் போடும் கணக்கு பொய்க் கணக்கு என்கிறோம் நாம்.

உழைப்பவனுக்குச் சோறு மட்டும் போதாது; ஓய்வும் வேண்டும், மகிழ்ச்சியும் வேண்டும். பொதுக் குளத்தைப் பூட்டுவது ஒரு நாள் வேலை. திறக்க வைக்கப் பிராக்வெல் மக்களுக்கு நான்கு வருஷம் ஆயிற்று. ஆகவே பூட்டு விழும் முன்பே விழித்திருப்போம்!