கத்தி பிடிக்கிறவருக்கும் கழுத்து வலிக்கும்

ஐ.டி. கம்பெனியில சேர்ந்த புதுசுல நமக்கெல்லாம் ஒரு கிளாஸ் எடுப்பாங்க, ஞாபகம் இருக்கா? நாற்காலி எவ்ளோ உயரம் இருக்கணும், மானிட்டர் எங்க இருக்கணும், மணிக்கட்டை எப்படி வச்சுக்கணும்னு. பொட்டி தட்டுற நமக்கே இவ்ளோ உபசரிப்பு. நம்ம வயித்தைத் திறந்து உள்ள கை விடற சர்ஜனுக்கு இதெல்லாம் யாராவது சொல்லித் தர்றாங்களா? பெரும்பாலான இடங்கள்ல இல்லை.

விளைவு என்னன்னு பாருங்க. 2018ல 'ஜாமா சர்ஜரி' இதழ்ல 21 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்துச்சு. மொத்தம் 5,828 டாக்டர்கள். வேலையால தசை, மூட்டுக் கோளாறு வந்தவங்கள்ல 12 சதவீதம் பேர் லீவு போட்டோ, வேலையைக் குறைச்சுக்கிட்டோ, சீக்கிரமே ரிட்டயர் ஆகியோ போயிருக்காங்க. நம்ம ஊர்ல எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷம், எம்.எஸ். மூணு வருஷம். இவ்ளோ செலவழிச்சு உருவாக்கின ஆளை ஒரு கழுத்து டிஸ்க்குக்குப் பறிகொடுக்கறது எந்த ஊர் நியாயம்?

ஏன் வலிக்குது? தலையோட எடை சுமார் 5 கிலோ. அதை 60 டிகிரி முன்னாடி குனிஞ்சா கழுத்தெலும்பு மேல விழற பாரம் 27 கிலோன்னு 2014ல கென்னத் ஹன்ஸ்ராஜ்ங்கற நியூயார்க் டாக்டர் கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் சொன்னது செல்போன் பாக்குறவங்களுக்காக. ஆனா ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் கழுத்துல கட்டிக்கிட்டு மணிக்கணக்கா நிக்கறது ஆபரேஷன் தியேட்டர்ல தினப்படி நடக்கற விஷயம். எக்ஸ்ரே பாத்துக்கிட்டே செய்யற கேஸ்னா ஈயக் கவசம் வேற.

லேப்ராஸ்கோப்பி வந்ததும் குனியற வேலை குறைஞ்சுது, உண்மைதான். நோயாளிக்குச் சின்னச் சின்ன ஓட்டை, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம். சர்ஜனுக்கு? முழ நீளக் கருவி. ஓட்டைதான் அச்சு, அதனால கையை வலது பக்கம் கொண்டுபோனா நுனி இடது பக்கம் போகும். வயித்துல காத்தடிச்சு உப்ப வைக்கறதால மேஜையை நல்லா இறக்கணும். இறங்காத மேஜைன்னா தோளைத் தூக்கிக்கிட்டே நிக்கணும். 2010ல அமெரிக்காவுல ஏட்ரியன் பார்க் குழு 317 லேப்ராஸ்கோப்பி சர்ஜன்கள்கிட்ட கேட்டப்போ கிட்டத்தட்ட 87 சதவீதம் பேர் உடம்பு வலி இருக்குன்னு சொன்னாங்க.

இதுல இன்னொரு கொடுமை, கைப்பிடி. பல கருவிகள் ஒரே சைஸ்தான். சின்னக் கை இருக்கறவங்க, முக்கியமா பெண் சர்ஜன்கள், ரெண்டு கையாலயும் அமுக்க வேண்டியிருக்கு.

என் கருத்து ரொம்ப சிம்பிள். பத்து யூசர்ல எட்டு ஒம்பது பேர் ஒரே இடத்துல முட்டிக்கிட்டா நாம யூசரைத் திட்டறதில்லை. அது டிசைன்ல இருக்கற பக். ஆனா சர்ஜன் விஷயத்துல மட்டும் "ஸ்டாமினா பத்தலை"ன்னு ஆளைக் குறை சொல்லிடறோம். எனக்குத் தெரிஞ்ச ஒரு இளம் சர்ஜன் சொன்னார்: "வலிக்குதுன்னு வாயைத் தொறந்தா அடுத்த பெரிய கேஸ் நமக்கு வராதுப்பா." அப்புறம் யார் சொல்லுவாங்க?

"நோயாளியை மயக்கத்துல போட்டுட்டு பிரேக் எடுக்கறதா?"ன்னு கேப்பீங்க. ஜெர்மனியில ஹானோவர்ல செஞ்சே பாத்துட்டாங்க. குழந்தைகளுக்கான லேப்ராஸ்கோப்பியில 25 நிமிஷத்துக்கு ஒரு தடவை 5 நிமிஷ ஓய்வு. ஆபரேஷன் நேரம் கூடலை, சர்ஜனோட கார்டிசால் அளவு குறைஞ்சுது. 2017ல அமெரிக்காவுல 66 சர்ஜன்களை வச்சு நின்ன இடத்துலயே ஒன்றரை நிமிஷம் கை, கழுத்தை நீட்டி மடக்கிப் பாத்தாங்க. அதுலயும் நேரம் கூடலை.

ரோபோ வந்தா சரியாயிடும்கறாங்க. 2000லயே டாவின்சிக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சாச்சு. உக்காந்துக்கிட்டே செய்யலாம், நல்லதுதான். ஆனா திரைக்குள்ள தலையை விட்டுக் குனிஞ்சே இருந்தா அதுலயும் கழுத்து வலி வருது. கோடிக்கணக்குல ரோபோ வாங்கற ஆஸ்பத்திரி முதல்ல நல்லா ஏறி இறங்கற மேஜை, திருப்பக்கூடிய மானிட்டர், காலுக்கு ஒரு மெத்துன்னு மேட், மூணு சைஸ்ல கைப்பிடி வாங்கட்டும்.

விமானிக்கு இவ்ளோ மணி நேரம்தான் ஓட்டணும்னு சட்டமே இருக்கு. அது விமானி மேல இருக்கற பாசத்துல இல்லை, பின்னாடி உக்காந்திருக்கற நம்ம உயிருக்காக. இங்கயும் அதே கணக்குதான். மரத்துப்போன விரலோட தையல் போடற கையில நம்ம ரத்தக்குழாய் இருக்கு.

2008ல உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கு ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்துச்சு. நோயாளி பேர் சரியா, எந்தப் பக்கம் வெட்டணும், பஞ்சு எண்ணியாச்சான்னு 19 விஷயம். இருபதாவதா ஒண்ணு சேருங்க: "மேஜையும் மானிட்டரும் டாக்டர் உயரத்துக்கு இருக்கா?" கேக்க பத்து செகண்டு கூட ஆகாது.